சிறைக்குத் திரும்பாதவர்களின் கணக்கு

எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. அங்கே களப்பணியாளராக ஏழு வருடம் வேலை பார்த்தேன். கழிப்பறை கட்டச் சொல்வது, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதுவது, மகளிர் குழுக்களைக் கூட்டுவது என்று எந்தத் திட்டம் வருகிறதோ அதுதான் அந்த வருடத்து வேலை. ஒரு சித்திரை மாதம் எங்கள் செயலாளர் சென்னைக் கூட்டத்திலிருந்து திரும்பி வந்து, ஊழியர்கள் ஐந்து பேரையும் உட்காரவைத்தார். அடுத்த திட்டம் சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு என்றார்.

“இது வழக்கமா வர்ற நன்கொடை மாதிரி இல்ல. ஒரு கம்பெனி இப்ப பணம் போடும். அத வச்சு நாம வேல பாக்கணும். வெளிய வர்றவங்களுக்கு வேல தேடித் தர்றது, ஆதார் எடுக்கறது, வூட்டாளுங்களோட சேத்து வைக்கறது, எல்லாம். ரெண்டு வருசம் கழிச்சு வெளியிலேர்ந்து ஆள் வந்து எண்ணுவாங்க. திரும்ப ஜெயிலுக்குப் போனவங்க சொன்ன அளவுக்குக் கொறஞ்சிருந்தா, ஒரு டிரஸ்ட் அந்தக் கம்பெனிக்குப் போட்ட பணத்த லாபத்தோட குடுத்துரும்.”

“கொறயலன்னா சார்?” என்று கேட்டேன்.

“கம்பெனி போட்டது போச்சு. நமக்கும் அடுத்த ரவுண்டு கெடைக்காது.”

எங்கள் அப்பா கூலிக்கு உழுதவர். விளைந்தாலும் காய்ந்தாலும் அன்றைய கூலி அன்றைக்கு அவர் கைக்கு வந்துவிட வேண்டும். விளைச்சலைப் பார்த்துக் கூலி என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் ஏரை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பார். அன்று எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. மகள் கல்லூரியில் சேர வேண்டிய வருடம். திட்டம் வந்தால் சம்பளம் தொடரும்.

என் கணவர் அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு டயர் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “திருடனுக்கு வேல வாங்கிக் குடுக்கறதுதான் உன் வேலையா? நல்லா இருக்கு போ. இங்க மட்டும் கூட்டிட்டு வந்துராத.”

எனக்கு ஒதுக்கப்பட்டவர்கள் இருபத்துமூன்று பேர். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் திருடியதெல்லாம் போர் மோட்டார் கேபிள். ராத்திரியில் கேபிளை அறுத்து எடுத்து, ரப்பரை எரித்து, உள்ளே இருக்கும் செம்பை எடைக்குப் போடுவார். அதற்காக மூன்று முறை சிறைக்குப் போயிருந்தார். கேபிள் போன நிலத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கிடையாது. பருத்தியோ மக்காச்சோளமோ அதற்குள் வாடிவிடும். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நகை திருடுகிறவனைவிடக் கேபிள் திருடுகிறவன்மேல்தான் ஆத்திரம் அதிகம்.

அவர் விடுதலையாவதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். அந்தப் பெண் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“வரட்டுங்க. வந்தா சோறு போடறேன். ஜெயில் வாசல்ல வந்து நிக்கச் சொல்லாதீங்க. மொத தடவ போயி நின்னேன். அதோட போதும்” என்றார்.

ஆகவே திருச்சி ஜெயில் வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“நீங்க எந்தக் கட்சிங்க?”

கட்சி இல்லை என்று விளக்கினேன். திட்டத்தையும் சொன்னேன். பணம் போடுகிற கம்பெனி, எண்ணுகிற ஆள், எதையும் மறைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எங்க வூட்டுல யாரும் வரலீங்களா?”

“வீட்ல இருக்காங்க. சோறு ஆக்கி வச்சிருப்பாங்க” என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். சமயபுரம் தாண்டி வயல்வெளி தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மோட்டார் கொட்டகையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாடாலூர் அருகே தன்னையறியாமல் கையை நீட்டி, “அது ஏழரை ஹெச்பி. புது கேபிளு” என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “பழக்கம்ங்க, மேடம்.” அதன்பிறகு பெரம்பலூர் வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வேலை கிடைப்பது சுலபமாக இல்லை. கல் குவாரியில் கேட்டேன், மாட்டுத்தீவன மில்லில் கேட்டேன். சிறை என்ற சொல்லைக் கேட்டதும் மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியாக மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு கடைக்காரரிடம் போனேன். என் கணவருக்குத் தெரிந்தவர். உள்ளே செம்புக் கம்பி சுருள் சுருளாகத் தொங்கியது. எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “ஏம்மா, என் கடையில இருக்கறதே கம்பிதான். அந்த ஆளயா கொண்டாந்து உடுறீங்க?”

நான் எழுந்துவிட்டேன். அவர் கையமர்த்தினார்.

“உக்காருங்க. கடைக்குள்ள வேணாம். மோட்டார் தூக்கற செட்டுல ஒரு ஆள் கொறயிது. எரநூறு, முந்நூறு அடியிலேர்ந்து பைப்போட தூக்கணும். முதுகு ஒடிஞ்சிரும். எவனும் நெலைக்க மாட்டேங்கறான். இவன் நெலைக்கறானான்னு பாப்போம்.”

அவர் நிலைத்தார். முதல் மாதம் இரண்டு நிலத்துக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்ததுமே செட்டை வரப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். “இவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று ஒருவர் கத்தியிருக்கிறார். கடைக்காரர் போனில், “தெரியும். ஒரு முழம் கேபிள் கொறஞ்சா என் காசு” என்று சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. கடைக்காரர் தனக்காக அப்படிச் சொன்னதை, அன்று சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்து சொன்னார்.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் நான் அலுவலகப் படியேறும்போது, உரக்கடை ஓரத்தில் உரச் சாக்கு ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வீங்கியிருந்தது. குடித்திருக்கிறாரோ என்று பயந்தேன்.

“அக்கா, எடுத்துட்டேன்” என்றார். அன்றுதான் முதன்முதலாக என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

சாக்குக்குள் பழைய கேபிள் சுருண்டு கிடந்தது. முதல் நாள் சிறுவாச்சூர்ப் பக்கம் ஓர் அம்மாவின் நிலத்தில் மோட்டார் மாற்றியிருக்கிறார்கள். கொட்டகை மூலையில் கழற்றிப் போட்ட கேபிள் கிடந்திருக்கிறது. எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில் சாக்கில் போட்டுப் பைக்கில் கட்டிவிட்டார்.

“எதுக்குன்னே தெரியல. காசு தேவைகூட இல்ல. வூட்டுக்குக் கொண்டு போனேன். வூட்டுக்காரி, அது பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. சோத்தப் போட்டுட்டு உள்ள போயி படுத்துக்கிச்சு. திருப்பிக் குடுக்கணும் அக்கா. தனியாப் போனா அடிச்சே போட்ருவாங்க. கூட வாங்க.”

எங்கள் படிவத்தில் மாதாமாதம் நிரப்ப வேண்டிய கேள்விகள் பல இருந்தன. திருடிவிட்டுத் தானே திருப்பிக் கொடுக்க வந்தால் எதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. செயலாளரிடமும் சொல்லவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு மூன்று ஏக்கரைத் தனியாகப் பார்க்கிறவர். சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு வரப்பில் ஏறி வந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் சாக்கை அந்த அம்மா காலடியில் வைத்துவிட்டார்.

“நேத்து எடுத்துட்டேம்மா. தப்பு.”

அந்த அம்மா சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். “இந்தப் பழசயா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, மானங்கெட்டவனே.”

அதோடு திரும்பி வந்திருக்கலாம். அவர் நகரவில்லை. தலையைக் குனிந்தபடி, “நாலு வருசத்துக்கு முன்னால உங்க கேபிளு போச்சே, அதுவும் நான்தாம்மா” என்றார்.

அதை அவர் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மா மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். வாய்க்காலில் தண்ணீர் மடை உடைத்துக்கொண்டு வெங்காயப் பாத்திக்குள் பாய்ந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“அந்த வருசம் பருத்தி பூரா போச்சு” என்றார். “எம் பொண்ணு வளைகாப்புக்கு ஒரு வளையல் போட முடியல என்னால. போய்யா. என் கண்ணு முன்னால நிக்காத. போயிரு.”

நாங்கள் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர் அழுதார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மா போலீசுக்குப் போயிருந்தால் என் இருபத்துமூன்று பேரில் ஒருவர் அன்றே குறைந்திருப்பார். அவர் போகவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்து, “அந்த ஆளு வந்தா கொட்டகைக்குள்ள விடாதீங்க, வெளிய வேல பாக்கட்டும்” என்று மட்டும் சொன்னாராம்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. இந்த வேலையில் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் எங்களுக்கு வேண்டியது. மனைவி அவரிடம் மெல்லப் பேசத் தொடங்கினார். தவணையில் ஒரு தையல் மெஷின் வாங்கினார்கள். அவர் கைகள் காய்த்துக் கறுத்துப்போயிருந்தன. ஆவணியில் ஒரு வாரம் குடித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. கடைக்காரர் நேரே வீட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

எண்ணிக்கைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அது நடந்தது. செந்துறைப் பக்கம் ஒரே ராத்திரியில் ஆறு கிணற்றில் கேபிள் போய்விட்டது. விடிந்ததும் விவசாயிகள் ரோட்டை மறித்துவிட்டார்கள். மதியத்துக்குள் போலீஸ் பழைய பட்டியலில் இருந்தவர்களையெல்லாம் அள்ளிவிட்டது. எனக்கு அவருடைய மனைவிதான் போன் செய்தார். “கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா” என்றார்.

எந்த ஸ்டேஷன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நான் போனபோது கடைக்காரர் ஏற்கெனவே அங்கே வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். கேபிள் போன ராத்திரி முழுக்க அவருடைய செட்டு சிறுவாச்சூரில் இருந்திருக்கிறது. மோட்டாரைத் தூக்கும்போது பைப் மரை கழன்று மோட்டார் போருக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. விடியும்வரை போராடி எடுத்திருக்கிறார்கள். நான்கு பேரில் இவரும் ஒருவர்.

எஸ்.ஐ. கொடுமைக்காரர் இல்லை. தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். “மேடம், மொதலாளி சொல்றாரு, கூட வேல பாக்கறவன் சொல்றான். எல்லாம் அவன் ஆளுங்கதானே? வெளியாளு யாராச்சும் சொன்னா நான் கேக்கறேன். நாளைக்கு மதியம் கோர்ட்டுல நிறுத்தணும்” என்றார்.

“யாரோட நெலம் அண்ணே அது?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அந்த அம்மாதாம்மா. வெங்காயக்காரம்மா.”

அரியலூர் வந்து, அங்கிருந்து பெரம்பலூர் பஸ் பிடித்து, மறுபடி சிறுவாச்சூர். வெள்ளிக்கிழமை ஆதலால் கோயில் கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. நான் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ராத்திரி பூரா இங்கதான் கெடந்தான். நான்தானே டீ போட்டுக் குடுத்தேன்” என்றார், யோசிக்காமல். நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. “அதுக்கு நான் ஸ்டேஷனுக்கு வரணுமா? அவனுக்குச் சாட்சி சொல்லவா? என் பயிரக் காய வச்சவனுக்கு?”

“உண்மையத்தானேம்மா சொல்லப் போறீங்க.”

“உண்மையா இருந்தா? எங்க ஊருல என்ன பேசுவாங்க? ஆறு பேரு வயிறெரிஞ்சு கெடக்கறான், நான் போயி திருடன வெளிய உடச் சொல்லணும்.”

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உரிமை இல்லை என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்தேன். எழுந்து புறப்படும்போது, “நாளைக்குத் தண்ணி கட்டிட்டுப் பாக்கறேன். வரேன்னு சொல்லல” என்றார்.

மறுநாள் கரண்ட் தாமதமாக வந்திருக்கிறது. தண்ணீர் கட்டி முடித்து அவர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. கோயிலுக்கு உடுத்தும் புடவை கட்டியிருந்தார். அதற்குள் என் ஆளைக் கோர்ட்டில் நிறுத்தி, ரிமாண்ட் செய்து, கிளைச்சிறைக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எஸ்.ஐ. அந்த அம்மா சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். “நேத்தே வந்திருந்தா விட்டிருப்பேன் ஆயா. இனி என் கையில இல்ல.”

அந்த அம்மா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, “ஒரு மடைக்காகவா?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அன்று அவர் திட்டம்போட்டுத் தாமதித்தார் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வந்ததே பெரிது.

இலவச சட்ட உதவி வக்கீல், ஜாமீன்தாரராகக் கடைக்காரர், இன்னொரு ஜாமீனுக்கு யார் என்று தேடியபோது என் கணவர். “நம்ம வூட்டு வரி ரசீது போதுமான்னு கேளு” என்று அவரே சொன்னார். நான் ஆச்சரியமாகப் பார்த்ததும் டயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “செய்யாததுக்கு உள்ள வச்சா எப்படி?” என்றார். ஒன்பதாம் நாள் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். மூன்று வாரத்தில் வெளியூர்க் கும்பல் ஒன்று வேனோடு மாட்டிக்கொண்டது. ஆறு கிணற்றுக் கேபிளையும் ஒப்புக்கொண்டார்கள். அவர் மேல் இருந்த வழக்கு போய்விட்டது.

எண்ணுவதற்குச் சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். மாடியில் எங்கள் ஒரே ஃபேனுக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சிறைத்துறையிடமிருந்து வாங்கிய பட்டியலையும் எங்கள் பட்டியலையும் ஒத்துப் பார்த்தார். மோட்டார் தூக்குகிற என் ஆளின் பெயருக்கு நேரே ‘திரும்பினார்’ என்று வந்தது.

“இவர் ஒண்ணும் பண்ணலம்மா. கேஸே போயிடுச்சு” என்றேன். காகிதங்களை எடுத்து வைத்தேன்.

அந்தப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். “புரியுது மேடம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒப்பந்தத்துல, ரெண்டு வருசத்துக்குள்ள ஒரு நாள் உள்ள போனாலும் திரும்பினதாத்தான் கணக்கு. ஆரம்பத்துலயே எல்லாரும் கையெழுத்துப் போட்டது. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும்.”

பட்டியலில் என் பொறுப்பில் இருந்த இன்னொருவரின் பெயரும் இருந்தது. விடுதலையான ஐந்தாம் மாதமே மனைவியை அடித்துவிட்டு, அவளுடைய தாலிச் செயினோடு ஊரைவிட்டுப் போனவன். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு நேரே ‘திரும்பவில்லை’ என்று இருந்தது. அதைக் காட்டினேன்.

“சிறைப் பதிவுல இல்ல. எங்களுக்கு அது மட்டும்தான் தெரியும் மேடம்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “நீங்க ரெண்டையும் எழுதிக் குடுங்க. அறிக்கையோட கடைசியில சேக்கறேன். யாராவது படிப்பாங்க” என்றார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சொன்னபடியே சேர்த்தார். சின்ன எழுத்தில் இருந்தது.

மொத்தத்தில் எண்ணிக்கை சொன்ன அளவை எட்டிவிட்டது. கம்பெனிக்குப் பணம் லாபத்தோடு திரும்பியது. செயலாளர் அன்று இனிப்பு வாங்கி வந்தார். எனக்குத் தனியாக ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, “உன் ஆள் ஒருத்தர்தான் கொஞ்சம் பயம் காட்டிட்டாரு. அடுத்த ரவுண்டு கெடைச்சா மொத தடவ உள்ள போனவங்களாப் பாத்து எடுக்கணும். மூணு தடவ, நாலு தடவ போனவங்க ரிஸ்க்கு” என்றார்.

“அவங்களுக்குத்தானே சார் நாம வேணும்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “தெரியும்மா. ஆனா அஞ்சு பேரு சம்பளம் என் தலையில இருக்கு” என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

திருச்சியில் ஓர் ஓட்டலில் விழா நடந்தது. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். திரும்பிப் போகாதவர்களில் நான்கு பேருக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொடுத்து மேடையில் பேசச் சொன்னார்கள். நன்றாகவே பேசினார்கள். அதில் இரண்டு பேர் என் ஆட்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிரியாணி சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அழைக்கப்படாத அவர் அன்றைக்கு எந்த நிலத்தில் மோட்டார் தூக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

மறுவாரம் அவர் மாடியேறி வந்தார். நின்றுகொண்டே கேட்டார்.

“அக்கா, நான் பெயிலாமே?”

விழாவுக்குப் போன ஒருவர் சொல்லியிருக்கிறார். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த அந்த வரியை அப்படியே சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

“அப்ப என்னால கம்பெனிக்கு நட்டமா?”

“இல்ல. மொத்தத்துல கெடைச்சிடுச்சு.”

“சரி, அது போதும்” என்றார். நிஜமாகவே அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த ஒன்பது நாளைப் பற்றி, நான் கேட்காமலேயே சொன்னார். “முன்னால மூணு தடவ உள்ள இருந்தேன். மொத தடவ வாசல்ல வந்து நின்னதோட சரி, அப்பறம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. இந்தத் தடவ மனு போட்டு எங்க வூட்டுல அது வந்துச்சு. ரெண்டு தடவ. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, ‘நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்’னு சொல்லிச்சு. நான் சொல்றதுக்கு முன்னால அதுவே சொல்லிச்சுக்கா.”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த சுற்று எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு வரவில்லை. இங்கே ஆட்கள் போதாதாம், பெரிய நகரத்தில்தான் எண்ணுவதற்கு வசதியாம். செயலாளர் இரண்டு பேரை அங்கே அனுப்பினார். நான் போகவில்லை. இப்போது அதே அலுவலகத்தில் குழந்தைகளுக்கான சத்துணவுத் திட்டத்தில் இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் செந்துறைப் பக்கம் அங்கன்வாடி அங்கன்வாடியாகப் போய் எடை பார்க்கிறேன். அந்த இருபத்துமூன்று பேருக்கும் கொடுத்தது என் சொந்த நம்பர் என்பதால், திட்டம் முடிந்த பிறகும் அழைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒருவருக்கு ரேஷன் கார்டு, ஒருவருக்கு மகளின் சாதிச் சான்றிதழ். முடிந்ததைச் செய்கிறேன்.

அவர் ஊரைவிட்டு வந்துவிட்டார். எங்கே கேபிள் போனாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். மனைவியால் தாங்க முடியவில்லை. பெரம்பலூரில் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பெண் துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். இங்கேயும் திருவிழா வந்தால் ஒரு கான்ஸ்டபிள் வந்து, இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அல்லது என்னிடம் அப்படிச் சொல்கிறார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். மனைவியின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சீர்த்தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் பூ வாங்கப் போனார். தட்டில் பழத்தோடு ஒரு சின்ன வெள்ளிக் கொலுசும் இருந்தது. நல்லா இருக்கே என்றேன்.

“வூட்டுல அது தச்ச காசுல வாங்கினது அக்கா. என்கிட்டயே கேட்டு எடுத்துச்சு, இது போதுமான்னு” என்றார்.

பஸ் வந்தது. கூட்டத்தில் தட்டு சாய்ந்துவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.